பம்பைக் கழட்ட முதல் ஹோஸைப் பாருங்கோ

எல்லாருக்கும் வணக்கம். பழைய டீசல் பிக்கப்பில வாற எண்ணெய்ப் பழுதுகளைப் பற்றி ரேடியோவில கதைக்கக் கூப்பிட்டவை, சந்தோசமா வந்தனான், ஏனெண்டால் இது கன நாளா எனக்கு நெஞ்சுக்குள்ள கிடக்கிற விசயம். அதை முதலே சொல்லிப்போடுறன். விடியக்காலமை ஸ்டார்ட் வரேல்ல, ஓடேக்க இழுவை இல்லை, நிண்டு நிண்டு போகுது எண்டால் உடன பம்பைக் கழட்ட விடாதேங்கோ. பம்ப் எண்டு நான் சொல்லுறது டீசலை அழுத்தி, எஞ்சினுக்குள்ள விசிறுற நொசிலுக்கு அனுப்புற அந்தப் பெரிய பம்ப். அது கடைசி. முதல்ல எண்ணெய் நிக்கிற ராங்கி, பேந்து ஹோஸ், பேந்து பில்ற்றர். இதை இன்னும் ரெண்டு மூண்டு தரம் சொல்லுவன், குறை நினைக்காதேங்கோ.

தோட்டம் செய்யிற ஆக்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கிணத்தில வோட்டர் பம்ப் வைக்கிறியள், நேற்று நல்லா இறைச்சது, இண்டைக்கு எஞ்சின் ஓடுது தண்ணி வரேல்ல. என்ன செய்வியள்? பம்பை உடைச்சுப் பாக்கமாட்டியள். புட்வால்வைப் பாப்பியள், இழுக்கிற பைப்பில எங்கயாவது காத்து வாங்குதோ எண்டு பாப்பியள், தண்ணி விட்டுப் பாப்பியள். இழுக்கிற பைப்பில வெடிப்பு இருந்தால் பம்ப் ஓடேக்க தண்ணி வெளியில வராது, காத்துத்தான் உள்ள போகும். அதே கதைதான் பிக்கப்பிலயும். 90கள்ல வந்த ஹைலக்ஸ், 2எல், 3எல் எண்ட பேருள்ள டீசல் எஞ்சின் போட்டது, இஞ்ச இன்னும் கனக்க ஓடுது. அதில ராங்கியில இருந்து எண்ணெய் தள்ளிவிடத் தனி மோட்டர் ஒண்டும் இல்லை, பெரிய பம்புக்குள்ள இருக்கிற சின்னப் பம்ப்தான் பின்னால ராங்கியில இருந்து முழுத் தூரமும் இழுக்குது. 30 வருசப் பழைய ரப்பர் ஹோஸ் காஞ்சு வெடிச்சிருக்கும், கிளிப் தளர்ந்திருக்கும், ஆனா ஒரு சொட்டு டீசல் கீழ விழாது. கீழ ஈரம் இல்லை, அப்ப ஒழுக்கு இல்லை எண்டு நினைச்சு விட்டுடுவினம். அதுதான் பிழை. அதில எண்ணெய் ஒழுகாது, காத்துத்தான் ஏறும்.

காத்து ஏறுதோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? மேசன்மார் மட்டம் பாக்கிற உள்ளுக்குத் தெரியிற ரியூப் இருக்கெல்லோ, அதில ஒரு முழம் வாங்கி பில்ற்றருக்கும் பம்புக்கும் இடையில பழைய ஹோஸுக்குப் பதிலாப் போட்டுவிடுங்கோ, கொஞ்ச நேரத்துக்குத்தான், நிரந்தரமா விடக்கூடாது, அது சூட்டுக்கு நிக்காது. எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கோ. சோடாப் போத்தில் மாதிரிக் குமிழி ஓடினால் காத்து ஏறுது. நிக்காமக் குமிழி வந்துகொண்டிருந்தால் பம்ப் நல்ல பம்பா இருந்தாலும் வேலை செய்யாது, ஏனெண்டால் டீசலை அமத்த ஏலாது, காத்தை அமத்தலாம், நொசில் திறக்க 100 பாருக்கு மேல அமுக்கம் வேணும், காத்து இடையில நிண்டால் அந்த அமுக்கம் வராது.

சரி, இப்ப ஒரு கதை சொல்லுறன், இது கொஞ்சம் நீளும்.

நீர்வேலிப் பக்கத்தால ஒரு அண்ணை, வாழைக்குலை ஏத்துறவர், ஹைலக்ஸ் வச்சிருந்தவர். வண்டி இஞ்ச ஊருக்குள்ள நல்லா ஓடும். குலையை ஏத்திக்கொண்டு ஏ9 கண்டி றோட்டால போனால் பளை தாண்டி இயக்கச்சி வரேக்க மெல்ல மெல்ல இழுவை குறைஞ்சு நிண்டுடும். 10 நிமிசம் றோட்டுக் கரையில நிண்டு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் வரும். பேந்து பரந்தனோ கிளிநொச்சியோ, திரும்ப நிக்கும். அவர் ஒரு இடத்தில காட்டி பம்பைக் கழட்டிச் செய்விச்சவர், பெண்சாதியின்ர சங்கிலியை ஈடு வச்ச காசு. பம்பும் பூட்டியாச்சு, பேந்தும் அதே இயக்கச்சி. என்னட்ட வரேக்க மனிசன் அழுகிற நிலமை, எனக்கு அதைப் பாக்க வயிறு எரிஞ்சது, இண்டைக்கு நினைச்சாலும் எரியுது.

நான் கேட்டது ஒரு கேள்வி. நிக்கேக்க ராங்கி மூடியத் திறந்து பாத்தனீங்களோ? ஏன் கேட்டனான் எண்டால், ராங்கிக்கு மூச்சு விடுற ஓட்டை ஒண்டு இருக்கும், அது அடைச்சால் எண்ணெய் குறையக் குறைய உள்ளுக்கு வெறுமை பிடிச்சு இழுக்க ஏலாமப் போகும், மூடியைத் திறந்தால் ‘உஸ்’ எண்டு சத்தம் கேக்கும், உடன வண்டி ஓடும். அவர் திறந்து பாத்திருக்கிறார், சத்தம் இல்லை. அப்ப அது இல்லை.

அடுத்தது கான் வைக்கிறது. ஒரு சுத்தமான கானில வடிச்ச டீசல் விட்டு, முன்னால அசையாமக் கட்டி வச்சு, அதில இருந்து நேர பில்ற்றருக்கு ஹோஸ் குடுத்தனான். திரும்பிற லைனையும் கானுக்குள்ளயே விடவேணும், மறந்தால் கானில இருக்கிறது எல்லாம் பின் ராங்கிக்குப் போயிடும். பாரம் ஏத்தி ரெண்டுபேரும் ஓடினம். பளை போச்சு, இயக்கச்சி போச்சு, ஆனையிறவு போச்சு, பரந்தன் போச்சு. நிக்கேல்ல. மனிசன் பக்கத்தில இருந்து ஒரு கதையும் இல்லை, றோட்டையே பாத்துக்கொண்டு வந்தவர். அந்த ஒரு ஓட்டத்தில பம்ப் சரி, நொசில் சரி, பில்ற்றர் சரி, பழுது பில்ற்றருக்குப் பின்னால, ராங்கிப் பக்கம் எண்டு தெரிஞ்சுபோச்சு.

வந்து ராங்கியை இறக்கி வடிச்சால், உள்ளுக்கு ஒரு பொலித்தீன் துண்டு. கான் வாயின்ர வட்டம் அப்பிடியே அதில பதிஞ்சிருக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2022இல செட்டில நாள்கணக்கா வரிசையில நிண்டு எண்ணெய் எடுத்து கானிலயும் போத்திலிலயும் சேத்து வச்ச காலம். கான் மூடி ஒழுகாம இருக்க பொலித்தீன் வச்சு முறுக்குவம், எல்லாரும் செய்தனாங்கள். அவசரத்தில ஊத்தேக்க அது உள்ள விழுந்திருக்கு. வண்டி பாரத்தோட ஓடி இழுவை கூடேக்க அது வந்து இழுக்கிற வாயில ஒட்டும், நிப்பாட்டினால் இழுவை இல்லாமக் கழண்டு போகும். அதுதான் தேத்தண்ணி குடிச்சிட்டு வர ஓடினது. ஒரு சதமும் பெறாத பொலித்தீன், அதுக்கு ஒரு சங்கிலி போச்சு.

அதாலதான் திரும்பத் திரும்பச் சொல்லுறன். ராங்கி, ஹோஸ், பில்ற்றர். பம்ப் கடைசி.

பம்பைச் சும்மா கழட்டக்கூடாது எண்டதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. அதுக்குள்ள உரசிற சாமானுகளுக்கு இடையில உள்ள இடைவெளி தலைமயிரை விடக் கனமடங்கு குறைவு, அதுக்கு எண்ணெய்ப்பசை குடுக்கிறதும் அந்த டீசல்தான். நான் வேலை பழகின பெடியனா இருந்தது 90க்குப் பிந்தின பொருளாதாரத் தடைக் காலம், டீசல் இல்லை, மண்ணெண்ணெயில ஒயில் கலந்து ஓடினவை. வேற வழி இல்லை, அந்த ஓட்டத்தில எத்தினை நோயாளியள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்தினம். ஆனா பம்புகள் தேஞ்சு போனது. மண்ணெண்ணெயில பசை குறைவு. இண்டைக்கு டீசல் கிடைக்கேக்க காசு மிச்சம் பிடிக்கவெண்டு ஆரும் மண்ணெண்ணெய் கலக்காதேங்கோ.

தண்ணியும் அப்பிடித்தான். மாரிக்க அரை ராங்கியோட வண்டியை நாள்கணக்கா விட்டால் ஈரக்காத்து உள்ள போய்க் குளிர்ந்து தண்ணியாகும், தண்ணி டீசலை விடப் பாரம், அடியில நிக்கும், தண்ணியும் டீசலும் சேருற இடத்தில கறுப்பாச் சளி மாதிரி ஒண்டு வளரும், பில்ற்றரை அடைக்கிறது கன நேரம் அதுதான். பில்ற்றருக்குக் கீழ ஒரு முறுக்காணி இருக்கு, மாதம் ஒருக்கா அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் கிளாசில கொஞ்சம் பிடிச்சு வச்சுப் பாருங்கோ, அடியில தனியாத் தண்ணி பிரிஞ்சு நிக்கும். பேந்து முறுக்கிப்போட்டு மேல இருக்கிற கைப்பம்பை அது இறுகும் வரைக்கும் அமத்தினால் காத்து வெளியேறும்.

புகையின்ர நிறத்தைப் பற்றியும் கதைக்க வந்தனான், தம்பி கண்ணாடிக்கு அங்கால நிண்டு நேரம் முடியுதெண்டு கையைக் காட்டுறார். கெதியாச் சொல்லுறன், கறுப்பெண்டால் எண்ணெய் கூடுதலாப் போகுது, இல்லாட்டி எயர் பில்ற்றர் அடைப்பு, குளிர் எஞ்சினில வெள்ளையெண்டால் எரியாத டீசல், ஸ்டார்ட்டுக்கு முதல் சூடாக்கிற கீற்றர் பிளக்கைப் பாருங்கோ, நீலமெண்டால் எஞ்சின் ஒயில் எரியுது. ஸ்டார்ட் வராட்டி, சாவி போடேக்க பம்பில ‘டக்’ எண்டு சத்தம் கேக்குதோ எண்டும் பாருங்கோ, கேக்காட்டி வயரைப் பாருங்கோ.

இன்னும் ஒண்டு தம்பி, இதை விடமாட்டன். நொசில் விசிறுறதைக் கையால மறிச்சுப் பாக்காதேங்கோ. அந்த அமுக்கத்துக்குத் தோல் நிக்காது, டீசல் உள்ள போயிடும், வெளியில ஊசி குத்தின மாதிரித்தான் தெரியும், நோவும் உடன இருக்காது, விரலையே எடுக்கவேண்டி வரும். அப்பிடி ஆருக்கும் பட்டால் விடியட்டும் எண்டு பாக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ, டீசல் உள்ள போட்டுது எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ. வணக்கம்.