பாயில் உட்கார்ந்த சாமுராய்

நண்பர்களே, சாமுராய் படம் என்றதும் கத்திச் சண்டையை எதிர்பார்த்துத்தான் இந்தத் திரையிடலுக்கு வந்திருப்பீர்கள். அதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்! முற்றத்தில் விரித்த வெள்ளைப் பாயில் உட்கார்ந்துகொண்டு, எஜமான் இல்லாத சாமுராய் ஹன்ஷிரோ பேசுகிறான், பேசிக்கொண்டே இருக்கிறான். மசாகி கோபயாஷி 1962-இல் எடுத்த ‘ஹராகிரி’யின் துணிச்சலே அதுதான். ஜப்பானில் இந்தப் படத்தின் பெயர் ‘செப்புகு’. இரண்டுமே வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாவதைச் சொல்லும் சொற்கள். ‘வயிறு’, ‘வெட்டு’ என்ற அதே இரண்டு எழுத்துகள், வரிசை மட்டும் மாற்றி.

கதை நடப்பது 1630, எடோ நகரம், இன்றைய டோக்கியோ. போர்கள் ஓய்ந்துவிட்டன. குலங்கள் கலைக்கப்பட்டு, எஜமான் இல்லாத வீரர்கள் தெருவில் நிற்கிறார்கள். பிரபுக்களின் வாசலுக்குப் போய், ‘வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக உங்கள் முற்றத்தைத் தாருங்கள்’ என்று கேட்டால், சில இடங்களில் காசு கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஈயி என்ற பிரபுக் குடும்பத்தின் மாளிகை அப்படிச் செய்யவில்லை. மொடோமே என்ற இளைஞனின் இடுப்பில் இருந்தது மூங்கில் கத்தி என்று தெரிந்தும், அதாலேயே குத்திக்கொள் என்கிறது. அந்தக் காட்சியில் இங்கே சிலர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். நானும் முதல் தடவை அப்படித்தான்.

எனக்கு அதைவிட வலிப்பது இன்னொரு இடம். மனைவிக்கும் குழந்தைக்கும் உடம்பு சரியில்லாதபோது, மொடோமே தன் வாள்களை விற்றிருக்கிறான். மாமனார் ஹன்ஷிரோவுக்கு அது அவன் பிணம் வந்த பிறகுதான் தெரிகிறது. தன் வாளை விற்கலாம் என்று தனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்று அவன் உடைந்துபோகிறான். படம் ஈயி குடும்பத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தால் எளிய பழிவாங்கும் கதையாக நின்றிருக்கும். இங்கே கேள்வி கேட்பவனும் அதே மரபைக் கட்டிக்கொண்டு இருந்தவன்தான்.

ஹன்ஷிரோவாக, அந்தக் குழந்தைக்குத் தாத்தாவாக நடித்த தட்சுயா நகடாய்க்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. அந்தக் கம்மிய குரலைக் கேட்டவர்கள் நம்புவார்களா? டோரு டகேமிட்சுவின் இசையில் பிவா என்ற தந்தி வாத்தியம் எங்கோ ஒரு அதட்டல் போல விழும், அப்புறம் மௌனம். சட்டகங்களோ கோடு போட்டது மாதிரி நேர்த்தி: தூண்கள், கதவுகள், அசையாமல் அமர்ந்த ஆட்கள். கடைசிச் சண்டையில் அந்த ஒழுங்குதான் சிதறுகிறது. இரண்டாம் உலகப் போரில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு, பதவி உயர்வு வேண்டாம் என்று மறுத்தவர் கோபயாஷி. அதிகார வரிசை எப்படி உட்காரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆரம்பத்தில் காட்டிய போர்க்கவசம் நினைவிருக்கிறதா? ஈயி முன்னோர்களின் கவசம், உள்ளே ஆளே இல்லை. ஹன்ஷிரோ அதைத் தூக்கி உடைக்கிறான். வீரத்தைப் பேசும் அந்த வீடு அவன்மீது துப்பாக்கிகளை நீட்டுகிறது.

பிறகு ஈயி மாளிகையின் நாட்குறிப்பு எழுதப்படுகிறது. அவன் வெட்டிச் சாய்த்தவர்கள் ‘நோயால் இறந்தார்கள்’. ஹன்ஷிரோவிடம் குடுமி இழந்த அவமானத்தில் செத்தவர்களும் அப்படியே. கவசம் ஒட்டவைக்கப்பட்டு பழைய இடத்துக்குப் போகிறது. குடும்பத்தின் பெருமையைக் குரல் வாசித்துக்கொண்டிருக்க, முற்றத்தைச் சுத்தம் செய்யும் வேலையாள் கீழே கிடந்த ஒரு குடுமியை எடுத்து வாளியில் போடுகிறான்.