10,000 டொலர் கட்டி உட்காருகிற மேசை

வணக்கம் நேயர்களே. போக்கர் என்று சொன்னதும் வானொலியை அணைக்கக் கை நீட்டியவர்கள் கொஞ்சம் பொறுங்கள், கொழும்புக் கசினோக்களுக்கு ஆள் பிடிக்க நான் வரவில்லை. 2025 ஜூலையில் லாஸ் வேகஸில் முடிந்த உலக போக்கர் தொடரின் பிரதான போட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். 1970இல் தொடங்கிய தொடர் இது, இந்த முறை வென்றவர் அமெரிக்கரான மைக்கல் மிஸ்ராக்கி, பரிசு ஒரு கோடி டொலர்.

304 என்கிற கடதாசி ஆட்டம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டம் முதலில் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கும். நமக்குத் துரும்பு உண்டு, எதிரே ஒரு கூட்டாளி உண்டு, ஜாக் எல்லாக் கடதாசிக்கும் மேலே நிற்கும். அங்கே கூட்டாளி கிடையாது. கையில் இரண்டு கடதாசி, மேசையில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து, முன்னால் இருக்கிற சிப் அத்தனையையும் எந்த நேரத்திலும் நடுவில் தள்ளலாம், தோற்றால் எழுந்து போக வேண்டியதுதான். இரண்டு வாரம் இப்படியே ஓடும்.

அந்த இரண்டு வாரத்தையும் தாண்ட அதிர்ஷ்டம் வேண்டும், மறுக்கவில்லை. 2003இல் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் சின்னத் தொகை கட்டி ஒன்லைனில் தகுதி பெற்று வந்து 25 லட்சம் டொலரோடு போனார், அதற்குப் பிறகு கூட்டம் பெருகிப் பெருகி, பெயர் பெற்ற தொழில்முறை ஆட்டக்காரர் யாரும் இதை இனி வெல்வது கஷ்டம் என்ற பேச்சே வந்துவிட்டது. அதனால்தான் மிஸ்ராக்கியின் வெற்றி எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே கோடையில், இந்தப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னால், ஒன்பது வகை போக்கரையும் மாற்றி மாற்றி ஆடுகிற, 50,000 டொலர் கட்டிச் சேர வேண்டிய போட்டியை அவர் வென்றிருந்தார். அதுவும் நான்காவது தடவை: 2010, 2012, 2018, இப்போது 2025. வகைக்கு வகை கணக்கு மாறுகிற அந்த ஆட்டத்தில் நான்கு தடவை யாருக்கும் குருட்டு அதிர்ஷ்டம் அடிக்காது. பிரதான போட்டியில் 2010இல் ஐந்தாவதாக வந்து நின்றவர், பதினைந்து வருடம் கழித்து 9,735 பேரில் முதலாவதாக வந்தார். வென்ற கையோடு பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கிற பட்டியலான போக்கர் ஹோல் ஒஃப் ஃபேமிலும் சேர்த்துக்கொண்டார்கள், வழக்கமான வாக்கெடுப்புக்குக்கூடக் காத்திருக்கவில்லை. இரண்டாவதாக வந்த ஜோன் வாஸ்னொக்குக்கு 60 லட்சம்.

அடுத்து நான் சொல்ல வேண்டியவர் பார்சிலோனாவைச் சேர்ந்த லியோ மார்கெட்ஸ். 2009இல் இதே போட்டியில் 27ஆவது இடம், பெண்களில் கடைசிவரை நின்றவர் அன்றைக்கும் அவர்தான். இந்த முறை ஏழாவது, 15 லட்சம் டொலர். 1995இல் பார்பரா என்ரைட் ஐந்தாவதாக வந்த பிறகு, கடைசி ஒன்பது பேர் ஆடுகிற இறுதி மேசையில் ஒரு பெண் உட்கார முப்பது வருடம் பிடித்திருக்கிறது.

சரி, இந்தக் காசெல்லாம் எங்கேயிருந்து வருகிறது? ஆட வந்தவர்களின் பையிலிருந்துதான், வேறெங்கே! தலைக்கு 10,000 டொலர். அதில் 9,300 பரிசுக்குப் போகிறது, மிச்சம் 700 நடத்துகிறவர்களுக்கு. 9,735ஆல் பெருக்கிப் பாருங்கள், பரிசுத் தொகை ஒன்பது கோடியைத் தாண்டும், நடத்துகிறவர்களுக்கு ஒரு கடதாசியும் தொடாமல் 68 லட்சம். பரிசு கிடைத்தது 1,461 பேருக்கு, மிகக் குறைந்தது 15,000 டொலர். எட்டாயிரத்துச் சொச்சம் பேர் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள், அவர்களுடைய படம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை.

நம்ம ஊர்க்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்பீர்கள். பெயரைக் கேட்டதுமே இலங்கை வேர் தெரிகிற ஒருவர் இருக்கிறார், உபேஷ்க டி சில்வா, டெக்சாஸில் இருப்பவர். இந்தத் தொடரில் ஒரு போட்டியை வென்றால் தருகிற பிரேஸ்லட் அவரிடம் மூன்று இருக்கிறது. ஆனால் அவருக்கு நடந்தது வயிற்றெரிச்சல். கொரோனா வருடமான 2020இல் பிரதான போட்டியை அமெரிக்கா, வெளிநாடு என்று இரண்டு பக்கமாகப் பிரித்து ஒன்லைனில் தொடங்கி, அமெரிக்கப் பக்கத்து இறுதி ஒன்பது பேரை டிசம்பரில் லாஸ் வேகஸுக்கு நேரில் கூப்பிட்டார்கள். ஒன்பதில் அவரும் ஒருவர். மேசைக்குப் போகுமுன் எடுத்த பரிசோதனையில் கொரோனா இருப்பதாக வந்தது. முன்கூட்டியே எழுதி வைத்த விதிப்படி ஆட விடவில்லை, ஒன்பதாவது இடத்துக்கான 98,813 டொலரைக் கொடுத்துவிட்டு மற்ற எட்டுப் பேரும் ஆடத் தொடங்கினார்கள். விதி விதிதான், என்றாலும் சில நாள் தள்ளி வைத்திருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. அந்த மேசையில் வென்ற ஜோசப் ஹெபர்ட், மற்றப் பக்கத்தில் வென்ற அர்ஜென்டினாக்காரர் டேமியன் சாலஸோடு 2021 ஜனவரியில் தனியாக மோதித் தோற்றார், பட்டம் அர்ஜென்டினாவுக்குப் போனது.