போராட்டத் தட்டியில் கதிரியக்கச் சின்னம்: எங்கே போடலாம், எங்கே கூடாது

[காட்சி: கொல்லங்கோடு கரை, அலை ஒதுக்கிய கருமணல்]

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் நீரோடியிலிருந்து மணவாளக்குறிச்சி வரை இந்தக் கருமணலில் மோனசைட் என்னும் கனிமம் இருக்கிறது. மோனசைட்டில் கதிரியக்கத் தனிமமான தோரியம் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் சவறா, நீண்டகரையிலும் இதே மண்தான். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்துக்கு இங்கே கடும் எதிர்ப்பு எழுந்தது. அப்படியொரு கூட்டத்துக்குத் தட்டி எழுத உட்கார்ந்தால், மஞ்சளில் கறுப்பு மூவிதழ், அதாவது கதிரியக்க எச்சரிக்கைச் சின்னம், போடலாமா?

கையில் பிடிக்கும் தட்டியில் தாராளமாகப் போடலாம். அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமை படத்துக்கும் சின்னத்துக்கும் சேர்த்துத்தான். 19(2) சொல்லும் பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மட்டுமே அரசு அதைக் கட்டுப்படுத்த முடியும். ஒரு கருத்தை வலியுறுத்துவது வேறு, குற்றத்துக்குத் தூண்டுவது வேறு என்று 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது.

[காட்சி: கிணற்றுச் சுவரில் ஒட்டிய மஞ்சள் தகடு]

இதே படத்தை ஊர்க் கிணற்றிலோ மணல் குவியலிலோ ஒட்டினால், அது கருத்தாக இல்லாமல் அறிவிப்பாகிவிடுகிறது. பார்ப்பவர் அளந்து சொன்ன எச்சரிக்கை என்றே நம்புவார். அதனால் பீதி கிளம்பிப் பொது அமைதி கெடும் நிலை வந்தால், பொய்த் தகவல் பரப்பிப் பீதி கிளப்புவதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவின் 353ஆம் பிரிவு குறுக்கே வரும். சட்டத்தைவிட எங்களுக்குப் பெரிய கவலை வேறு: பொய்யாகப் பத்து இடத்தில் பார்த்த கண், எக்ஸ்ரே அறை வாசலில் உண்மையானதைப் பார்த்தும் நிற்காது.

[காட்சி: கம்பாஸ் வைத்து வரைதல்]

வரைவது சுலபம். நடு வட்டத்தின் ஆரம் 2 செ.மீ. என்றால், இதழ் 3 செ.மீ. ஆரத்தில் தொடங்கி 10 செ.மீ. ஆரத்தில் முடியும். இதழுக்கு 60 பாகை, இடைவெளிக்கு 60 பாகை. ஓர் இதழ் நேர் கீழே பார்க்க வேண்டும். பலர் தலைகீழாக வரைகிறார்கள், அல்லது நடு வட்டத்தோடு இதழை ஒட்டிவிடுகிறார்கள். அப்போது மின்விசிறி மாதிரி ஆகிவிடும்.

சின்னத்தைத் தனியாக விடாதீர்கள். பக்கத்திலேயே கோரிக்கை வாசகமும் அமைப்பின் பெயரும் அதைவிடப் பெரிதாக இருக்கட்டும். 'அபாயம், நுழையாதே' என்று எழுத வேண்டாம். அது அதிகாரிகளின் பலகை மொழி. கூட்டம் முடிந்ததும் தட்டிகளை எண்ணி எடுத்துச் செல்லுங்கள். மின்கம்பத்தில் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனால், மறுநாள் காலை அதற்கு அர்த்தமே மாறிவிடும்.

[காட்சி: சிவப்பு முக்கோணம், கதிர்கள், மண்டையோடு, ஓடும் மனிதன்]

இதை மட்டும் எந்தத் தட்டியிலும் போடாதீர்கள். மூவிதழைப் பார்த்துப் பலருக்கு ஆபத்து புரியவில்லை என்பதால், 11 நாடுகளில் மக்களிடம் காட்டிச் சோதித்து 2007இல் கொண்டுவந்த சின்னம் இது. கருவியின் உள்ளே, கதிரியக்க மூலத்தை (கதிர் வீசும் பொருளை) ஒட்டியே இருக்கும். கழற்றுகிறவர் கண்ணுக்குத்தான் தெரியும். 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்போடு வந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தபோது பலர் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். களியக்காவிளையிலோ மார்த்தாண்டத்திலோ ஆக்கர் கடையில் (பழைய இரும்புக் கடையில்) இந்தச் சிவப்பு கண்ணில் பட்டால் வெட்டாதீர்கள், தொடாதீர்கள். எல்லோரையும் 30 மீட்டராவது தள்ளி நிறுத்திவிட்டு 112ஐ அழையுங்கள்.