ஸ்டாலில் யாரை நிறுத்துவது? அரசூரிலிருந்து வந்த கேள்வி

அடுத்த கேள்வி கோவை அரசூரிலிருந்து வந்திருக்கிறது. நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிப் படிக்கிறேன். "ஐயா, பவுண்டரிகளுக்கு, அதாவது உலோகத்தை உருக்கி மணல் அச்சில் ஊற்றி வார்க்கும் ஆலைகளுக்கு, மணல் பரிசோதனைக் கருவிகள் செய்து விற்கிறோம். மொத்தம் 32 பேர். வரும் பிப்ரவரியில் தில்லிப் பக்கம் நடக்கும் பவுண்டரி மாநாட்டில் வெள்ளி நிலை ஸ்பான்சராகச் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கிறது. 9 சதுர மீட்டர் ஸ்டால், நான்கு பேருக்கு அனுமதி அட்டை, மேடையில் 15 நிமிடம் பேச வாய்ப்பு, மாநாட்டுப் பையில் எங்கள் பெயர், இவ்வளவும் தருகிறார்கள். போன முறை வேறொரு மாநாட்டுக்குப் போய்ப் பெட்டி நிறைய விசிட்டிங் கார்டோடு திரும்பினோம். ஒரு ஆர்டர்கூட வரவில்லை. கணக்கு வழக்கைப் பார்க்கும் என் மனைவி இந்த முறை வேண்டவே வேண்டாம் என்கிறார். போகலாமா? போனால் எத்தனை பேர், யார் யார்?"

போகலாம் தம்பி. உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஆள் விஷயம். எல்லோரும் என்ன செய்கிறார்கள்? முதலில் இடத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். அப்புறம் பேனர், விளக்கு, மேசை விரிப்பு என்று ஒரு மாதம் ஓடுகிறது. கடைசி வாரத்தில், "யார் இப்போது சும்மா இருக்கிறார்?" என்று பார்த்து அவருக்கு டிக்கெட் போடுகிறார்கள். ஆபீசில் சும்மா இருக்கிறவர் ஸ்டாலிலும் சும்மாதான் இருப்பார். நீங்கள் ஆளை முதலில் முடிவு செய்யுங்கள். சரியான ஆள் அந்தத் தேதியில் கிடைக்கவில்லை என்றால், அந்த வருடம் ஸ்பான்சர் ஆகாமல் இருப்பதே மேல்.

நான் பவுண்டரிகளுக்குச் சரக்கு விற்ற கம்பெனிகளிலேயே காலம் தள்ளியவன். ஒரு மாநாட்டில் எங்கள் ஸ்டாலில் ஐந்து விற்பனைப் பிரதிநிதிகள், ஐந்து பேருக்கும் ஒரே நிறக் கோட்டு. ராஜ்கோட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கையில் குஜராத்திச் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளங்கை அளவு வார்ப்புத் துண்டு, மேற்பரப்பு முழுக்க ஊசியால் குத்தியதுபோலத் துளைகள். எங்கள் ஆள் சிரித்த முகத்தோடு கேட்லாக்கை நீட்டினார். பெரியவர் அதைத் தொடவே இல்லை.

பின்னால் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எங்கள் சர்வீஸ் மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். கருவியை இறக்கி மாட்டுவதற்காக வந்தவர், அவருக்கு அனுமதி அட்டைகூட வாங்கவில்லை. எழுந்து வந்து அந்தத் துண்டை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார். பிறகு இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது காலையில் ஊற்றியதா, சாப்பாட்டுக்கு அப்புறம் ஊற்றியதா?" பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலையில் ஊற்றுவது சுத்தமாக வருகிறதாம், மதியத்துக்கு மேல்தான் துளை விழுகிறதாம். திரும்பி வருகிற மணல் சூடு ஆறாமலே மறுபடி அச்சுக்குப் போகிறது, ஈரம் கட்டுப்பாட்டில் நிற்கவில்லை, அதுதான் சங்கதி. முக்கால் மணி நேரம் பேசினார்கள். அந்த மாநாட்டில் எங்களுக்கு வந்த முதல் ஆர்டர் அவருடையது.

ஆகவே உங்கள் நான்கு பேரில் முதல் ஆள் சர்வீஸ் ஆள். ஊர் ஊராகப் போய்ப் பழுது பார்க்கிறவர், இந்தி பேசத் தெரிந்தவர். மொழியைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். அந்த மாநாட்டுக்கு யார் வருவார்கள்? ராஜ்கோட், கோலாப்பூர், பெல்காவி, ஆக்ரா, ஹவுரா, பட்டாலா, ஜலந்தர். பட்டாலாவில் மூன்று தலைமுறையாக உலை வைத்து நடத்துகிறவர் நம்மிடம் ஆங்கிலத்தில் சந்தேகம் கேட்கமாட்டார். "அப்புறம் வருகிறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இரண்டாவது, வடக்கே விற்பனையைப் பார்க்கிற பிரதிநிதி. விலை, தள்ளுபடி, எத்தனை வாரத்தில் அனுப்பலாம் என்பதை உங்களுக்குப் போன் போடாமல் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அந்த அதிகாரத்தைக் கிளம்புவதற்கு முன்பே கொடுத்து அனுப்புங்கள். மூன்றாவது, கருவியை வடிவமைத்த இன்ஜினியர். நான்காவது நீங்கள். முதலாளி வராத ஸ்டாலை டீலர்கள் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நாள் முழுக்க நீங்களே மேசைக்குப் பின்னால் உட்கார வேண்டாம், உங்கள் ஆட்கள் வாய் திறக்கமாட்டார்கள். தினமும் மாலை நாலிலிருந்து ஐந்துவரை ஸ்டாலில் இருப்பேன் என்று டீலர்களுக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பிவிட்டு, மற்ற நேரம் மண்டபத்தைச் சுற்றுங்கள்.

ஐந்தாவது ஆள் வேண்டுமா என்றால், வேண்டாம். 9 சதுர மீட்டர் என்பது மூன்றுக்கு மூன்று. அதில் மேசை, இரண்டு நாற்காலி, கருவி வைத்த ஸ்டாண்டு போக மிச்சம் இருப்பது நாலைந்து பேர் நிற்கிற இடம். அதில் உங்கள் ஆட்களே நாலு பேர் நின்றால் வருகிறவர் எங்கே நிற்பார்? ஒரு நேரத்தில் இரண்டு பேர் போதும். கால் கடுக்க நின்று, முகம் சுளிக்காமல் பேச ஒரு மனிதனால் நாலு மணி நேரம்தான் முடியும். அதற்குப் பிறகு போனை எடுத்துவிடுவார். எனவே இரண்டு இரண்டு பேராக மாற்றி மாற்றி நிறுத்துங்கள். புதுச் செருப்பு, புது ஷூ எதுவும் வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். சிரிக்காதீர்கள், முதல் நாள் மாலையிலேயே ஆள் முடங்குவது இதனால்தான்.

இன்னொன்று, கண்காட்சி வேறு, மாநாடு வேறு. கண்காட்சியில் காலையிலிருந்து மாலைவரை கூட்டம் வழிந்துகொண்டே இருக்கும். மாநாட்டில் அப்படி இல்லை. உரைகள் நடக்கும்போது வெளியே ஸ்டால் பக்கம் ஈ காக்கை இருக்காது. டீ இடைவேளை விட்டதும் இருபது நிமிடம் திமுதிமுவென்று வருவார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மணி நேரம். அவ்வளவுதான் உங்கள் வியாபார நேரம். அந்த நேரத்தில் பார்த்தால் பாதி ஸ்டால்களில் ஆள் இருக்கமாட்டார்கள், அவர்களும் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். உங்கள் ஆட்கள் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும். மண்டபத்தில் அந்நேரம் சாப்பாடு கிடைக்காது, அதனால் பார்சல் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். உரை நேரத்தில் ஸ்டாலில் ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்கள் உள்ளே போய் உட்காரட்டும். கேள்வி நேரத்தில் யார் எழுந்து எந்தக் குறையைச் சொல்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்தால், டீ இடைவேளையில் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இதே காரணத்துக்காக, பணம் கட்டும் முன் மண்டபத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். வாசலுக்கு நேராக இருக்கிற இடத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். வாசலில் நுழைகிறவர் பதிவு அட்டை வாங்கும் அவசரத்தில் இருப்பார், நிற்கமாட்டார். டீ கவுண்டருக்கு அருகில் எந்த இடம் காலி என்று பாருங்கள். கையில் டீ கப்போடு இருப்பவர் எங்கும் ஓடமாட்டார்.

பையில் பெயர் போடுவது, கழுத்துப் பட்டையில் பெயர் போடுவது, இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். இலவசமாக வந்தால் வரட்டும். அந்தப் பதினைந்து நிமிடம்தான் இந்தத் தொகுப்பிலேயே மதிப்புள்ளது. அதை நீங்கள் பேசாமல் உங்கள் இன்ஜினியரைப் பேச விடுங்கள். "எங்கள் நிறுவனம் தொடங்கப்பட்ட ஆண்டு" என்று முதல் படம் வந்தால் அரங்கம் போனைப் பார்க்கப் போய்விடும். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சூடான மணலில் ஈரம் ஏன் ஏமாற்றுகிறது என்பதையே பேசலாம். கருவியின் பெயர் கடைசிப் படத்தில் வந்தால் போதும்.

இப்போது ஸ்டாலுக்குள் என்ன வைப்பது. எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்கிற கருவியில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: வருகிறவர் கையால் தொட்டு இயக்கலாம். மணலைக் குழாயில் போட்டு மூன்று இடி இடித்தால் 50 மில்லிமீட்டர் விட்டத்தில், 50 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மணல் உருளை வெளியே வருகிறது. பவுண்டரிக்காரர் எவரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார், தானும் ஒரு முறை இடித்துப் பார்ப்பார். ஒரு படி மேலே போங்கள். மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்னால் வாடிக்கையாளர்களுக்கும், ஆகலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் செய்தி அனுப்புங்கள்: "வரும்போது உங்கள் பவுண்டரி மணலில் ஒரு கிலோ கொண்டுவாருங்கள், உங்கள் கண் முன்னாலேயே சோதித்து எழுதித் தருகிறோம்." தன் மணலைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் வேடிக்கை பார்க்க வருகிறவர் அல்ல.

ஆனால் இதில் நான் பட்ட அவதியையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை நாங்கள் இதைச் செய்தபோது, மணலைச் சாதாரணக் காகிதப் பையில் கொண்டுவந்தார்கள். மண்டபத்து ஏசியில் ஒரு மணி நேரத்தில் காய்ந்து, உருளை கையில் எடுத்ததுமே உதிர்ந்துவிட்டது. இத்தனைக்கும் பவுண்டரியில் 3 சதவீத ஈரமா, 4 சதவீதமா என்பதுதான் சண்டையே. காற்றுப் புகாத இரட்டை பாலிதீன் உறையில் கட்டிவரச் சொல்லுங்கள். அடுத்து, இடித்த மணல் தரைவிரிப்பில் கொட்டி, பக்கத்து ஸ்டால்காரர் அமைப்பாளரிடம் புகார் சொல்லிவிட்டார். கருவிக்குக் கீழே ஒரு தட்டு வையுங்கள், கையில் ஒரு சின்ன வேக்வம் கிளீனர் இருக்கட்டும். இடிக்கிற சத்தம் உரை அரங்கின் கதவுவரை கேட்டால் அதற்கும் திட்டு விழும், ஆகவே உரை நேரத்தில் இடிக்கக் கூடாது. ஈரம் பார்ப்பதற்குக் கால்சியம் கார்பைடு போடுகிற கருவியை அங்கே திறந்துவிடாதீர்கள். அதில் அசிட்டிலீன் வாயு வருகிறது, மூடிய மண்டபத்தில் தீயணைப்பு ஆட்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். சூடான காற்றில் உலர்த்தி எடை பார்க்கிற கருவியைக் கொண்டுபோங்கள். ஸ்டாலோடு பெரும்பாலும் ஒரே ஒரு 5 ஆம்பியர் பிளக்தான் தருவார்கள், அதில் ஹீட்டரைப் போட்டால் பக்கத்து ஸ்டாலுக்கும் சேர்த்து மின்சாரம் போய்விடும். கூடுதல் மின்சாரம் வேண்டும் என்று முன்பே படிவத்தில் எழுதிக் கொடுங்கள். அங்கே போய்க் கேட்டால் விலை கூடும்.

சரி, உங்கள் மனைவியின் கணக்கு. அழைப்பில் போட்டிருக்கிற தொகையை மட்டும் பார்த்துச் செலவை முடிவு செய்யாதீர்கள். பயணம், தங்குமிடம், கருவியை அனுப்புவது, அச்சுச் செலவு எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகும், இது என் அனுபவம். அமைப்பாளர் தரும் பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண் இருந்தால் அந்த வரியை நீங்கள் வரவு எடுக்கலாம், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஓட்டல் பில்லில் முடியாது. அந்த வரி அந்த மாநிலத்தோடு போய்விடுகிறது, தமிழ்நாட்டுப் பதிவில் வராது. அதைச் செலவாகவே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கருவி விற்பனைக்குப் போகவில்லை, ஆகவே இன்வாய்ஸ் போடாமல் டெலிவரி சலானில் அனுப்ப வேண்டும். மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கிற சீட்டு, அதுவும் வேண்டும், அதில் கண்காட்சிக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. திரும்பி வரும்போது இன்னொரு இ-வே பில். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால், மத்திய அரசின் சந்தைப்படுத்தல் உதவித் திட்டத்தில் இந்த நிகழ்ச்சிக்கு வாடகை திரும்பக் கிடைக்குமா என்று உங்கள் ஊர்ச் சிறுதொழில் சங்கத்தில் கேட்டுவிடுங்கள். போய்வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. வடக்கே பிப்ரவரியிலும் காலையில் பனிமூட்டம் விமானத்தைத் தாமதப்படுத்தும், எனவே ஸ்டால் போடுகிற நாளுக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

மொத்தச் செலவு மூன்றரை லட்சம் என்றும், ஒரு கருவியில் உங்களுக்கு எழுபதாயிரம் மிஞ்சும் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து கருவி விற்றால் போட்டது வந்துவிடுகிறது. முப்பது பேரிடம் உருப்படியாகப் பேசினால் ஐந்து பேர் வாங்குவார்களா என்று உங்கள் பழைய விற்பனையை வைத்து உங்கள் மனைவியையே சொல்லச் சொல்லுங்கள். மாட்டார்கள் என்றால் போகாதீர்கள், நான் கோபித்துக்கொள்ளமாட்டேன்.

கடைசியாக அந்தப் பெட்டி நிறைய கார்டு. அது ஏன் வீணாயிற்று என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வந்து பார்த்தபோது எந்தக் கார்டு யாருடையது, என்ன கேட்டார் என்று ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. சரிதானே? கார்டு வாங்கினால் அவர் நகர்ந்ததும் பின்பக்கத்தில் பேனாவால் எழுத வேண்டும்: எத்தனை டன் உருக்குகிறார், எந்தக் கருவி வைத்திருக்கிறார், என்ன தொல்லை, எப்போது கூப்பிடச் சொன்னார். வழவழப்பான கார்டில் பேனா எழுதாது, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஸ்டேப்ளர் போட்டு அடித்து, பக்கத்தில் எழுதுங்கள். அன்று இரவே நான்கு பேரும் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, உடனே பேச வேண்டியவர், மாதம் கழித்துப் பேச வேண்டியவர், சும்மா வந்தவர் என்று பிரித்துவிடுங்கள். முதல் வகைக்கு விலைப்புள்ளி அங்கிருந்தே போகட்டும், அதற்காக ஆபீசில் ஒருவரைத் தயாராக வைத்திருங்கள். மணல் சோதித்தவர்களுக்கு அந்த முடிவைத் தட்டச்சு செய்து அனுப்புங்கள், கீழே உங்கள் சர்வீஸ் ஆளின் பெயரும் எண்ணும் இருக்கட்டும். அப்புறம், திரும்பி வந்த மறுநாள் அந்த நான்கு பேருக்கும் வேறு வேலை கொடுக்காதீர்கள். போன முறை நீங்கள் கொடுத்திருப்பீர்கள்.

அடுத்து கரூரிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார், படிக்கிறேன்.