திரையில் நம் ஆட்கள், நாற்காலியில் யார்?

(மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ்டவுனில் தமிழ் வாசகர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் ஐயா அவர்களுக்கும், கூட்டத்துக்கு ஓடியாடி ஏற்பாடு செய்த தம்பி தங்கைகளுக்கும், இந்த மழையிலும் பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வந்திருக்கும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

மனித உரிமை ஆவணப்பட விழாக்களால் யாருக்கு என்ன பயன் என்று பேசச் சொன்னார்கள். நான் ஒரு வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

2013 ஜூலை 3. கோலாலம்பூர் சிலாங்கூர் சீனர் அசெம்பளி மண்டபம். இலங்கையில் 2009இல் முடிந்த போரின் கடைசி மாதங்களைப் பற்றிக் கேலம் மெக்ரே எடுத்த 'நோ ஃபயர் ஸோன்' என்ற ஆவணப்படத்தை அன்றிரவு அங்கே போட்டார்கள். குண்டு விழும் இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எடுத்த காட்சிகளும், கொன்றவர்களே கைப்பேசியில் பெருமையாக எடுத்து வைத்துக்கொண்ட காட்சிகளும் அதில் இருக்கின்றன. பார்த்தவர்களுக்குத் தெரியும், அதை மறக்க முடியாது. திரையிட்டது பூசாட் கோமாஸ் என்ற அமைப்பு. உள்துறை அமைச்சு அதிகாரிகளும் போலீசும் மண்டபத்துக்கு வந்தார்கள். கோமாஸ்காரர்கள் மூவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் அவர்களில் லீனா ஹென்ட்ரி என்ற இளம்பெண் மேல் மட்டும் வழக்குப் போட்டார்கள். தணிக்கை வாரியத்தின் ஒப்புதல் இல்லாத படத்தைக் காட்டினார் என்பது குற்றச்சாட்டு. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ 30,000 ரிங்கிட் வரை அபராதமோ விதிக்கலாம்.

வழக்கு எப்படி இழுத்தது என்று பாருங்கள். 2013 செப்டம்பரில் குற்றச்சாட்டு. 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் விடுதலை செய்தது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, அதே ஆண்டு செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்து, எதிர்வாதம் செய்யச் சொன்னது. 2017 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு. மார்ச்சில் 10,000 ரிங்கிட் அபராதம். ஒரு படத்தை ஒரு மண்டபத்தில் ஒரு தடவை போட்டதற்கு ஒரு பெண் மூன்றரை ஆண்டு கோர்ட் வாசலில் நின்றிருக்கிறார். அந்தப் படத்தில் செத்துக் கிடப்பவர்கள் நம் மொழி பேசியவர்கள். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியும்?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். போரின் கடைசி நாள்களில் எடுத்த அந்தக் காட்சிகளில் பலவற்றை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் பார்த்தவர் வீட்டுக்கு யாரும் வரவில்லை. ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் கூட்டி ஒரே அறையில் உட்கார வைத்தவரைத்தான் தேடி வந்தார்கள். சேர்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது என்பது அதைத் தடுக்க நினைத்தவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆவணப்பட விழாவின் மதிப்பு என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் இந்த வழக்கைத்தான் சொல்வேன்.

இந்தக் கோமாஸ்தான் 2003இல் 'ஃபிரீடம் ஃபிலிம் ஃபெஸ்ட்' விழாவைத் தொடங்கியது. இப்போது அதை நடத்துவது ஃபிரீடம் ஃபிலிம் நெட்வொர்க். பெட்டாலிங் ஜெயாவில் நடக்கும் விழாவின் படங்கள் நம் பினாங்கு உட்பட வேறு ஊர்களுக்கும் வந்திருக்கின்றன. படங்களைப் பொறுக்கி எடுத்துக் காட்டுவதோடு அவர்கள் நிற்பதில்லை. என்னிடம் ஒரு கதை இருக்கிறது என்று வருகிறவர்களிடம் திட்டத்தை எழுதி வாங்கி, தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கொஞ்சம் பணமும் பயிற்சியும் கொடுத்து, படத்தை எடுக்க வைத்து, அதையே விழாவில் போடுகிறார்கள். கேமராவைத் தொட்டே பார்க்காதவர்கள் அப்படிப் படம் எடுத்திருக்கிறார்கள். நிலம் பறிபோன ஒராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்கள், ஆவணம் இல்லாத பிள்ளைகள், லாக்கப்பில் செத்தவர்களின் குடும்பங்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் என்று தொலைக்காட்சிச் செய்தியில் அரை நிமிடம்கூட இடம் கிடைக்காதவர்களுக்கு அங்கே அரை மணி நேரம் கிடைக்கிறது.

சரித்திரமும் கிடைக்கிறது. சுதந்திரத்துக்குப் பத்து ஆண்டுக்கு முன், 1947 அக்டோபர் 20ஆம் தேதி, மலாயா முழுக்கக் கடையடைப்பு நடந்தது. அதைப் பற்றி ஃபாமி ரேசா ஓர் ஆவணப்படம் எடுத்து 2007இல் வெளியிட்டார். கடையடைப்பை நடத்திய கூட்டணியில் அப்போது இந்தியர்களின் கட்சியான ம.இ.கா.வும் இருந்தது. பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதிய நம் பிள்ளைகளிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

லாக்கப் என்று சொன்னேன். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் குகன் என்ற இளைஞர் இறந்தபோது நம் தமிழ்ப் பத்திரிகைகள் நாள் கணக்கில் எழுதின. நாம் கொதித்தோம். பத்திரிகை பழசானதும் அதில் பஜ்ஜி மடித்தார்கள். படம் அப்படிப் பழசாகிப் போவதில்லை. அது பயப்பட வேண்டியவர்களைப் பயப்படுத்தவும் செய்கிறது. 2021 ஜூலையில் ஃபிரீடம் ஃபிலிம் நெட்வொர்க் அலுவலகத்தையும் ஓர் ஓவியரின் வீட்டையும் போலீஸ் சோதனை போட்டது. காரணம் ஓர் அனிமேஷன் குறும்படம். காவலில் அடிபட்டதாக ஒரு பையன் சொன்ன கதையைச் சித்திரமாக வரைந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

சரி, அரங்கத்துக்குள் வருவோம். விழாக்களில் எனக்கு மிகவும் பிடித்த நேரம், படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகு வரும் ஒரு மணி நேரம். ஒரு தடவை ஆவணமில்லாத பிள்ளைகளைப் பற்றிய படம் முடிந்ததும், பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகனுக்குப் பதினாறு வயது, மைகார்டு என்கிற அடையாள அட்டை இல்லை. அப்பா மலேசியர், தான் வெளிநாட்டுக்காரி, கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டான். கைப்பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்திருந்த பிறப்புப் பத்திரத்தை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். குடியுரிமை என்ற இடத்தில் 'குடிமகன் அல்லர்' என்று மலாயில் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்ததும் அந்த வரிசையிலேயே வேறு இரண்டு பேர் எழுந்தார்கள். அவர்கள் வீட்டிலும் அதே கதை. அதுவரைக்கும் ஒவ்வொருவரும் இது தன் குடும்பத்து அவமானம், தான் செய்த தப்பு என்று நினைத்து மூடி வைத்திருந்திருக்கிறார்கள்.

நம் நாட்டுச் சட்டப்படி, பதிவுத் திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமையைத்தான் பார்ப்பார்கள். அப்பா மலேசியர் என்பது அங்கே உதவாது. இதை அன்றைக்கு மேடையில் இருந்த வழக்கறிஞர் நிதானமாக விளக்கினார். என்ன படிவம், எந்த அலுவலகம், மறுத்துவிட்டால் அடுத்து என்ன என்று சொன்னார். வெளியே காப்பி மேசை அருகில் அவரைச் சுற்றிப் பெரிய கூட்டம். படம் எடுத்த பையன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் படத்துக்கு இதைவிடப் பெரிய விருது வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்த அரங்கத்தை நான் எண்ணிப் பார்த்தபோது நம் ஆட்கள் கொஞ்சம் பேர்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. திரையில் நாம் நிறைய இருக்கிறோம். தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டவர், காவலில் இறந்தவரின் தாய், குடியுரிமை கிடைக்காமல் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவியாகிப் போனவர் எல்லாம் நம் பாட்டிகள், நம் மாமாக்கள். நாற்காலியில் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மற்றவர்கள். நம் வீட்டுச் சாவுக்கு ஊரார் வந்து அழ, நாம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது போல இருக்கிறது. முள்ளிவாய்க்கால் படத்துக்கு இடம் கொடுத்தது சீனர் சங்க மண்டபம் என்பதை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. நம்மிடம் இல்லாத மண்டபமா?

வெளிநாடுகளில் இதை எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறார்கள் என்று இரண்டு விஷயம் சொல்கிறேன். 2003இல் தொடங்கிய ஜெனிவா விழாவை மார்ச் மாதத்தில், ஐ.நா. மனித உரிமை மன்றம் கூடியிருக்கும் சமயம் பார்த்து நடத்துகிறார்கள். முடிவெடுக்கிறவர்கள் நடந்து வந்து பார்க்கிற தூரம். பிராகில் 1999இல் தொடங்கிய 'ஒன் வேர்ல்ட்' விழாக்காரர்கள், படங்களைப் பள்ளிக்கூடங்களுக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் மதுரையில் 1998இலேயே ஆர்.பி. அமுதன் ஆவணப்பட விழாவைத் தொடங்கிவிட்டார். அதே தமிழ்நாட்டில்தான் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தைப் பல ஊர்களில் போட விடாமல் 2017இல் போலீஸ் தடுத்தது. எந்த ஊர் அரசாங்கமும் இதில் நல்ல பெயர் எடுக்கவில்லை.

இந்தோனேசியாவைப் பற்றி கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நமக்கு நேர் எதிர்க்கரை மேடான். 1965இலும் அடுத்த ஆண்டிலும் அந்த நாட்டில் லட்சக்கணக்கானவர்களைக் கம்யூனிஸ்ட் என்று சொல்லிக் கொன்றார்கள். கொன்றவர்கள் அதே ஊர்களில் பெரிய மனிதர்களாக வாழ்ந்தார்கள். ஜோஷுவா ஓப்பன்ஹைமர் 2014இல் எடுத்த 'தி லுக் ஆஃப் சைலன்ஸ்' படத்தில் அண்ணனைப் பறிகொடுத்த ஒருவர் வருகிறார். வீடு வீடாகப் போய்க் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுவிடுவது அவர் தொழில். கொன்ற கிழவர்களின் கண்ணுக்கு லென்ஸ் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே, எப்படிக் கொன்றீர்கள் என்று அமைதியாகக் கேட்கிறார். படத்தில் வேலை செய்த இந்தோனேசியர்கள் பலரின் பெயர்கள் கடைசி எழுத்தோட்டத்தில் இல்லை. 'பெயரிலி', 'பெயரிலி' என்றே ஓடுகிறது. அவ்வளவு பயம். அப்படிப்பட்ட படத்துக்கு அந்த நாட்டு மனித உரிமை ஆணையமே முன்னின்று ஜகார்த்தாவில் முதல் திரையிடலை நடத்தியது. தணிக்கைக்காரர்கள் பிறகு தடை போட்டார்கள். ஆனாலும் கல்லூரி, கிராமம் என்று அங்கங்கே கூடி மக்கள் பார்த்தார்கள்.

பாவப்பட்டவர்களின் கண்ணீரைப் படம் பிடித்து, வசதியானவர்கள் குளுகுளு அரங்கத்தில் உச்சுக்கொட்டிவிட்டுப் போவதால் என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் முகத்துக்கு முன்னால் கேமராவை நீட்டுவதற்கு ஒரு வரைமுறை வேண்டும். என்னைக் கேட்டால், படத்தில் இருப்பவர்களுக்கு முதலில் போட்டுக் காட்டாத படத்தை எந்த விழாவும் வாங்கக் கூடாது. அவர் தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து முழுசாகப் பார்க்க வேண்டும். இந்த இடம் வேண்டாம் தம்பி என்று அவர் சொன்னால், அந்த இடம் எவ்வளவு அருமையாக வந்திருந்தாலும் வெட்டிவிட வேண்டும். விருது கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை.

இதில் எழுத்துவரி பிரச்சினையும் சேர்ந்திருக்கிறது. பாட்டி தமிழில் பேசுகிறார், கீழே மலாயும் ஆங்கிலமும் ஓடுகின்றன. அதிகாரி மலாயில் பதில் சொல்கிறார், கீழே ஆங்கிலம் ஓடுகிறது. தன்னைப் பற்றி அதிகாரி என்ன சொன்னார் என்பது பாட்டிக்கு மட்டும் புரிவதில்லை. தமிழில் வரி போடுவது கஷ்டமான வேலைதான், ஒத்துக்கொள்கிறேன். நம் சொற்கள் நீளம், திரையில் இரண்டு வரிக்கு மேல் போட முடியாது, நான்கைந்து விநாடியில் அடுத்த பேச்சு வந்துவிடும். சுருக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். இங்கே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களும் கவிஞர்களும் அந்த வேலைக்கு வர வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

நம் பினாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் கம்போங் புவா பாலாவை இடித்தார்கள். மாடு வளர்த்துப் பால் கறந்து தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நம் மக்களின் ஊர். புல்டோசர் வந்தபோது அங்கே நின்றவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். கைப்பேசியில் எடுத்த துண்டு துண்டான காட்சிகள் யார் யார் வீட்டிலோ, கெட்டுப்போன போனுக்குள்ளோ கிடக்கும். அன்று நாற்பது வயதில் வாதாடியவர்களுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. அந்தப் பெரியவர்களின் குரலை இனி யார், எப்போது எடுக்கப்போகிறோம்?

அதனால் இன்றைக்கு நான் கேட்பது பேச்சு முடிந்ததும் வரும் கைதட்டு அல்ல. கோவில் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன்மார்கள் மாதத்தில் ஒரு மாலை மண்டபத்தைக் கொடுங்கள். புரொஜெக்டர் எங்களிடம் இருக்கிறது. தணிக்கைச் சட்டம் இன்னும் அதே சட்டம்தான், ஆகவே எந்தப் படத்தைப் போடலாம் என்று வழக்கறிஞர்களிடம் கேட்டு, விழாக்காரர்களோடு சேர்ந்தே முடிவு செய்வோம். புவா பாலா காட்சிகள் வைத்திருப்பவர்கள் வாசலில் இருக்கும் தங்கையிடம் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்களே வீட்டுக்கு வந்து பிரதி எடுத்துக்கொண்டு உங்கள் போனை உங்களிடமே கொடுத்துவிடுவோம். எழுத்துவரி வேலைக்கு வருகிறவர்கள் தேநீர் நேரத்தில் என்னைப் பாருங்கள், முதல் படம் இருபது நிமிடப் படம், அதன் பேச்சையெல்லாம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம்.