யாருடைய விதி?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். ஜாதகத்தில் உள்ளபடிதான் எல்லாம் நடக்கும் என்றால் ஞானத்தை நாடுவதும் ஆன்மிகப் பயிற்சி புரிவதும் எதற்கு என்ற கேள்வி, ஆன்மிக நாட்டமும் சோதிட நம்பிக்கையும் ஒருங்கே உடையவர்களை ஒருநாள் அல்லது மறுநாள் வந்து தொடாமல் விடுவதில்லை. பொதுப்படப் பேசினால் முடிவே இல்லாத வழக்கு இது. ஆகவே திருவண்ணாமலையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றிக்கொண்டு பேச விரும்புகிறேன்.

1898 டிசம்பர் மாதம், பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த இளைஞர் அவ்வூரிலுள்ள பவளக்குன்று என்ற சிறு குன்றில் மௌனமாக இருந்துவந்தார். வீட்டைவிட்டு வந்து இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. தாய் அழகம்மாள் மூத்த மகனை அழைத்துக்கொண்டு வந்து, திரும்பிவிடும்படி நாள்தோறும் மன்றாடினார், அழுதார், கடிந்தும் பார்த்தார். மகன் வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மனம் பொறாமல், பேசாவிட்டாலும் எழுதியாவது ஒரு பதில் தரலாகாதா என்று கேட்டுத் தாளையும் பென்சிலையும் நீட்டினார்கள். அவர் எழுதினார்: “அவரவர் பிராரப்தப் பிரகாரம் அதற்கானவன் ஆங்காங்கிருந்து ஆட்டுவிப்பன். என்றும் நடவாதது என் முயற்சிக்கினும் நடவாது. நடப்பது என் தடை செய்யினும் நில்லாது. இதுவே திண்ணம். ஆகலின் மௌனமாயிருக்கை நன்று.”

அவரவர் வினைப்படி இறைவன் ஆட்டுவிப்பான், என்ன முயன்றாலும் நடவாதது நடவாது, என்ன தடுத்தாலும் நடப்பது நில்லாது என்னும் இது, முயற்சிக்கு ஓர் அணுவளவும் இடம் வைக்காத வாசகமாகவே முதலில் படும். ஆனால் அவர் பேசுவது பிராரப்தத்தைப் பற்றி என்பதைக் கவனிக்க வேண்டும். பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதத்திலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென்று பிரிந்து வந்த பங்கு பிராரப்தம். இப்போது செய்யும் செயலால் புதிதாகச் சேர்வது ஆகாமியம். சோதிட நூலாரும் தம் கலைக்குப் பிராரப்தத்தைவிடப் பெரிய எல்லையை வகுத்துக்கொள்ளவில்லை. முற்பிறவிகளில் ஈட்டிய வினை பழுத்து வருவதை, இருளில் கிடக்கும் பொருள்களை விளக்கு காட்டுவதுபோல இச்சாத்திரம் காட்டும் என்றுதான் பழங்காலச் சோதிட நூலாசிரியர் வராகமிகிரர் கூறுகிறார். விளக்கு பொருளைப் படைப்பதில்லை. அந்த வெளிச்சத்தில் பார்ப்பவன் யார் என்று சொல்வதும் அதன் வேலையன்று.

அந்த விளக்குகளாகிய பஞ்சாங்கங்களும் ஒன்றுபோல் எரிவதில்லை என்பதை இடையே சொல்லிவிடுகிறேன். இன்றைய வானியல் கணக்கைத் தழுவிய திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்று மீனத்துக்குப் பெயர்ந்துவிட்ட சனி, திருநள்ளாற்றுக் கோயில் பின்பற்றும், பழைய வாய்பாடுகளைத் தழுவிய வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026இல்தான் பெயர்கிறது. நிலைமை இப்படியிருக்க, ஏழில் செவ்வாய், எட்டில் செவ்வாய் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி ஒரு பெண்ணின் திருமணத்தை ஆண்டுக்கணக்கில் தட்டிக்கழிப்பதும், துன்பத்தில் கிடப்பவரைப் பார்த்து அவர் வினை என்று சொல்லி நகர்ந்துவிடுவதும் எனக்குப் பெருங்கொடுமையாகவே படுகின்றன. அடுத்தவர் தலையில் ஏற்றுவதற்காக அன்று பவளக்குன்றில் அந்த வாக்கியங்கள் எழுதப்படவில்லை.

சரி, மனிதனுக்கு விருப்பச் சுதந்திரம் உண்டா, இல்லையா? ரமணரிடம் இதைப் பலரும் கேட்டிருக்கிறார்கள். பதிவாகியுள்ள விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோலத் தோன்றும். பெரிய நிகழ்ச்சிகள் மட்டுமா, தண்ணீர்க் குவளையை எடுப்பது போன்ற சிறு செயலும் முன்னரே வகுக்கப்பட்டதா என்று ஓர் அன்பர் கேட்டபோது, எல்லாமே வகுக்கப்பட்டவைதாம் என்றார். உடனே, அப்படியானால் மனிதனுக்கு என்ன சுதந்திரம் இருக்கிறது என்று கேட்கப்பட்டது. செயல் நடக்கும்போது ‘நான் உடல், நான் செய்கிறேன்’ என்று பற்றிக்கொள்ளாமல் இருக்கும் சுதந்திரம் என்றும் உண்டு என்பது அவர் விடை. வேறொரு சமயம், தனிமனிதன் என்ற உணர்வு உள்ளவரையில் இச்சைச் சுதந்திரமும் உண்டு, சாத்திரங்களெல்லாம் அதை நல்வழியில் செலுத்தத்தான் சொல்கின்றன என்றார். கேட்பவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்தே தொடங்கிய விடைகள் இவை. செய்பவன் நான் என்று நினைக்கிற ஒருவர், தோல்வியை மட்டும் விதியின் கணக்கில் எழுதிவிட முடியாது.

1928இல் இயற்றிய ‘உள்ளது நாற்பது’ நூலின் 19ஆம் வெண்பாவில் இவ்விரண்டும் ஒன்றாக முடிகின்றன. விதியும், மதி என்னும் நம் சுய விருப்பமும் எந்த மூலத்திலிருந்து எழுகின்றன என்ற விவேகம் இல்லாதவர்களுக்கே விதி வெல்லுமா, மதி வெல்லுமா என்ற விவாதம். இரண்டுக்கும் முதலாகிய தன்னை உணர்ந்தவர் இரண்டையும் விட்டு நீங்கியவர், அவர் மீண்டும் அவற்றைச் சார்வாரோ என்று கேட்கிறது அப்பாடல். வெற்றி இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்ற தீர்ப்பை அவர் எழுதவேயில்லை. வழக்காடுகிறவனைத் தேடச் சொல்கிறார்.

இதைக் கேட்டு, எல்லாம் விதிப்படியே என்று அறிந்தவர் கைகட்டிச் சும்மா இருந்துவிடுவார் என்று எண்ணிவிட வேண்டாம். 1914இல் திருவண்ணாமலைக்கு வந்திருந்த அழகம்மாள் கடுங்காய்ச்சலில் விழுந்தார். நடப்பது நில்லாது என்று அதே தாய்க்கு எழுதித் தந்தவர் உடனிருந்து பணிவிடை செய்தார். அருணாசலத்தை “மலையாய் எழுந்த மருந்தே” என்று விளித்து, தாயின் நோய் தணிய வேண்டிப் பாடல்களும் இயற்றினார். காய்ச்சல் தணிந்து தாய் ஊர் திரும்பினார். முன்பு எழுதியதை மறந்துவிட்டா பாடினார்? நான் அப்படிக் கருதவில்லை. தாய் படும் வேதனை கண்முன் நிற்கையில் பணிவிடையும் வேண்டுதலும் தாமாக எழுந்தன. நடப்பதாகிய அந்தப் பெரிய ஒழுங்கில் அவையும் அடக்கம் என்பதால், பிராரப்தத்தைச் சொல்லி அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.