ரிசால் சாமியும் நம்ம பாலாறும்

தலைமை தாங்குற ஐயா அவர்களே, பொன்னாடையோட காத்துகினு இருக்கிற கவுன்சிலர் அண்ணன் அவர்களே, இந்த வேலூர் வெயில்ல பந்தல் போட்டுக் குடுத்த சங்கத்துப் பொருளாளர் அவர்களே, தாய்மார்களே, யார் பேரையாவது விட்டிருந்தா கோச்சிக்காதீங்க, வணக்கம்.

மூணு விஷயம் பேசப் போறேன். பிலிப்பைன்ஸ்ல ஒரு டாக்டர் சாமியானது, ஜமைக்கால எத்தியோப்பியா ராஜாவைச் சாமியா கும்புடுறது, அப்புறம் நம்ம செங்கம் பக்கத்து நடுகல்லு.

ஹோசே ரிசால் கண் டாக்டரு, நம்ம ஷெல் ஆஸ்பத்திரில பாக்குற அதே வைத்தியம், நாவலும் எழுதினாரு, அப்போ அந்த நாட்டை ஆண்ட ஸ்பெயின்காரன் கலகத்தைத் தூண்டினாருன்னு சொல்லி 1896 டிசம்பர் 30 மணிலால சுட்டுட்டான், வயசு 35. ஜனங்க விடுவாங்களா? அவர் சாகவே இல்லன்னாங்க, ஏசுவே திரும்பி வந்தாருன்னாங்க, பனஹாவ் மலை அடிவாரத்துல இன்னிக்கும் அவரைக் கும்புடுற சபைங்க இருக்கு, ஒண்ணுல பூசையே பொம்பளைங்கதான். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்னு நம்ம ஊர்ல சொல்வோம், அங்க பூசாரியம்மா குடுக்கணும்!

ஆனா 1892ல அவரை தூரத்துல தபிதான்ற ஊருக்குக் கொண்டுபோய் வெச்சப்போ, மூங்கில் குழாய் போட்டு ஊருக்கே தண்ணி கொண்டாந்தாரு. என்னைக் கேட்டா அன்னிக்கே அவர் சாமி.

இங்க இன்னா கதை? எங்க தெருவுல கொழாயில சொட்டுத் தண்ணி இல்ல, குடத்தோட பொம்பளைங்க ரோட்ல நிக்கிறாங்க, அப்போ பாத்து ஒரு லாரி வருது, ஓடுறோம், குடத்தைத் தூக்கிகினு கெழவிங்க கூட ஓடுறாங்க, டிரைவரு எறங்கி கைய நீட்டுறான், 'யம்மா தள்ளு, இது தலைவர் சிலைய கழுவறதுக்கு, நாளைக்குப் பொறந்தநாள்.' கழுவி, பாலும் ஊத்தினாங்க, பால் சாக்கடைல போச்சு. ஒரு ஆயா சத்தமா கேட்டுச்சு, 'சாமிக்கு அழுக்கே இல்லியே, என் பேரன் குளிச்சு எத்தினி நாளாச்சு'ன்னு.

தோல் கழிவுல பாலாறு கெட்டுப்போன கேசுல 1996ல சுப்ரீம் கோர்ட்டு தோல் பதனிடுற ஷாப்பு ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபா அபராதம் போட்டுச்சு, கெடுத்தவன்தான் காசு குடுக்கணும்னுச்சு. சாமி வரம் குடுத்துச்சு, பூசாரிங்க? சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறுன்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்ணாங்கல்ல, 1981ல கோட்டைக் கோயிலுக்குள்ள ஜலகண்டேஸ்வரர் வந்துட்டாரு, ஆத்துக்குத் தண்ணிதான் இன்னும் வரல.

ஜமைக்காக்கு டைம் இல்ல, தலைவர் வாட்ச்சைப் பாக்குறாரு, நடுகல்லு அடுத்த கூட்டத்துல. சாக்கடைய ஆத்துல விடாதீங்கன்னு கலெக்டருக்கு மனு ரெடியா இருக்கு, டீ அந்தப் பக்கம், மனு இந்தப் பக்கம், கையெழுத்து போட்டுட்டு டீக்குப் போங்க.